ஊசிமலை எண்ணெய் பஸ்

1984 ஜூன் 12, செவ்வாய்

இன்றும் செமோர் சந்தை நிறுத்தத்தில் மணியடிக்க மறந்துவிட்டேன். மீன்கூடையோடு ஒரு சீன அம்மா கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் அர்ச்சுனன் தாமாகவே நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என்னைத் தேடினார். "நவமணி, இப்ப எந்த ஊருல இருக்க?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது.

என்ன செய்வது? சுண்ணாம்பு மலைகளின் இடுப்பில் காலைப் பனி நிற்கும்போது யாருக்குத்தான் மணியடிக்கத் தோன்றும்? ஐந்து வருடமாகக் கண்டக்டர் வேலை பார்க்கிறேன். கை தன் பாட்டுக்கு டிக்கெட் கிழிக்கும். கண் எங்கோ போய்விடும்.

மாலையில் டிப்போவில் ஒரு செய்தி. எங்கள் ஊசிமலைத் தோட்டத்துக்கு விடும் பஸ்ஸை வருடக் கடைசியோடு நிறுத்தப் போவதாகக் கம்பெனி முதலாளி தவுக்கே சொல்லிக்கொண்டிருந்தார் இல்லையா, அது இப்போது நிற்காதாம். அரசாங்க ஆராய்ச்சிக் கூடத்து ஆட்கள் வந்து இந்த வழியைத்தான் கேட்டிருக்கிறார்கள். டீசலுக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெயில் பஸ் ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். நம் நாட்டில் விளைவதை வைத்தே நம் வண்டிகள் ஓட வேண்டும், புகையும் குறைய வேண்டும் என்பது திட்டம். எங்கள் பாதையில் மண் சாலை, மேடு, சேறு மூன்றும் இருப்பதால் சோதனைக்குப் பொருத்தமாம். ஒரு வருடத்துக்குச் செலவில் பாதி அரசாங்கத்துடையது. இயந்திரம் ஒழுங்காக ஓடினால் அதன்பிறகும் பஸ்ஸை விடுவதாகத் தவுக்கே ஒப்புக்கொண்டிருக்கிறார். கெட்டுப்போனால் அன்றோடு சரி.

எண்ணெயில் பஸ்ஸா? அம்மாவிடம் சொன்னால் நான் கனவு கண்டதாகத்தான் நினைப்பாள்.

ஜூன் 13

நினைத்தாள்.

ஜூலை 2, திங்கள்

ஓடியது!

நீல டிரம்களில் எண்ணெய் வந்து இறங்கியது. கூடவே வந்தவர் என்சிக் ஜைனுதீன், ஆராய்ச்சிக் கூடத்து இஞ்சினியர். வளர்வதா வேண்டாமா என்று மீசை இன்னும் முடிவெடுக்காத வயது. டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அர்ச்சுனனிடம் கொடுத்து, டிரம்மில் இருப்பதைத் தவிர வேறு ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது என்று மலாயில் சொன்னார். திரும்பவும் சொன்னார். அர்ச்சுனன் சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

பஸ் கிளம்பியதும் பின்னாலிருந்து வாசம் வந்தது. புகை இல்லை, வாசம். பக்கத்து வீட்டில் யாரோ வடை சுடுவது போல. ஒரு மலாய்க்கார மக்சிக் அம்மா இருக்கைக்கு அடியில் குனிந்து, யார் கோரேங் பிசாங், அந்த வாழைப்பழ பஜ்ஜியை, மறைத்து வைத்திருப்பது என்று தேடினார். செமோர் போய்ச் சேர்வதற்குள் எல்லாருக்கும் பசி வந்துவிட்டது. இறங்கியவர்கள் நேராகத் தேநீர்க் கடைக்குத்தான் போனார்கள்.

எனக்கும் பசிதான். ஆனால் அந்த வாசத்திலிருந்து இறங்க மனமில்லை.

ஜூலை 7

நாய்கள் பஸ்ஸின் பின்னால் ஓடி வருகின்றன. குரைப்பதில்லை. ஆசையாக ஓடி வருகின்றன.

ஜூலை 22, ஞாயிறு

விடுமுறை. அம்மாவுக்குத் தலைவாரிவிட்டேன். அவள் முதுகில் செம்பனை முள் கீறிய கோடுகள். ரப்பர் பால்மரங்களை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை நட்ட நாளிலிருந்து அம்மாவுக்கு அந்த மரத்தோடு தீராத சண்டை. பால் வெட்டியவளை உதிரிப்பழம் பொறுக்க வைத்துவிட்டார்களே என்று.

"நான் பொறுக்குற பழத்துலதான் உன் பஸ்ஸு ஓடுதாக்கும்?" என்றாள்.

ஆமாம் என்றேன். என் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொண்டாள். பிறகு, "அப்ப நல்லா சுத்தமா பொறுக்கணும்லா" என்றாள். சண்டை பாதி தீர்ந்தது போலிருந்தது.

இந்தத் தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு நான்கு மைல். நான் ஆறாம் வகுப்பு முடித்தபோது பஸ் கிடையாது. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் காட்டு வழியில் யார் அனுப்புவார்கள்? அதோடு படிப்பு நின்றது. இப்போது வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாக ஒரு வரிசையே காலையில் ஏறி, செமோர் இடைநிலைப் பள்ளிக்குப் போகிறது. அவர்களுக்கு டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஏதோ இளகுகிறது. இந்த பஸ் நிற்கக்கூடாது. நின்றால் இந்த வரிசையும் நின்றுபோகும்.

ஆகஸ்ட் 19

வானொலியில் நம் நாட்டுப் பொருளையே வாங்குங்கள் என்று காலையும் மாலையும் சொல்கிறார்கள். சொந்தமாகக் கார்கூடச் செய்யப் போகிறோமாம். செய்யட்டும். எங்கள் ஊசிமலை முந்திக்கொண்டது.

இன்று ஈப்போ பஸ் நிலையத்தில் நின்றபடி நினைத்துப் பார்த்தேன். லூமுட் பஸ், சித்தியவான் பஸ், தஞ்சோங் மாலிம் பஸ் எல்லாம் எண்ணெயில் ஓடினால் எப்படி இருக்கும்? ஊரே தீபாவளிக்கு முந்தின நாள் மாதிரி மணக்கும். புகை படிந்த மலைகள் மழையில் கழுவிக்கொண்டு வெள்ளையாக நிற்கும். துணி காயப்போட்டால் கரி ஒட்டாது. யாரும் இருமமாட்டார்கள்.

"டிக்கெட் கொடுக்கிறியா இல்ல நான் இறங்கிப் போகட்டுமா?" என்றார் ஒருவர்.

செப்டம்பர் 11, செவ்வாய்

மழை. கடைசி நடையில் ஊசிமலை வந்து எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பஸ் எப்போதும் இரவு இங்கேதான், மாரியம்மன் கோயில் பக்கத்தில் நிற்கும். அர்ச்சுனனுக்கும் கோயிலை ஒட்டித்தான் அறை. மனைவி தவறிய பிறகு தனியாகத்தான் இருக்கிறார். இறங்கிப் போகலாம் என்றால் மழை விடவில்லை. அவர் தன் இருக்கையிலும் நான் கதவுப் படியிலுமாக உட்கார்ந்திருந்தோம். கூரையில் மழை விழும் சத்தம். இயந்திரத்தை அவர் அணைக்கவில்லை.

"டீசல் வண்டி இருமும்" என்றார். "இது முனகுது பாரு. தூங்குற பிள்ளையாட்டம்."

பதினாறு வயதில் லாரி கழுவப் போனவராம். ஸ்டீரிங்கைத் தொடாத நாள் வாழ்க்கையில் மிகக் கொஞ்சம் என்றார். கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் காய்ப்பு வளைவாக ஓடியது.

எல்லாரும் அவரை அண்ணே என்கிறார்கள். நான் மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'இந்தாங்க' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கேகூட எழுதப் போவதில்லை.

மழை விட்டது. விடாமலே இருந்திருக்கலாம்.

அக்டோபர் 3, புதன்

ஆயுத பூஜை. பஸ்ஸுக்குத்தான் இந்த வருடம் முதல் மரியாதை. முகப்பில் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனப் பட்டை, சக்கரத்துக்கு எலுமிச்சை. இருளாயி அக்கா தலைமையில் லயத்துப் பெண்கள் எல்லாரும் திரண்டு வந்து சூடம் காட்டினார்கள். மலாய்க்கார டிக்கெட் செக்கர்கூட நெற்றியில் பொட்டோடு சுண்டல் தின்றார். நான் சுண்டல் சட்டியைக் கழுவ வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் பூஜை முடிந்திருந்தது. பெண்கள் ஏதோ பெரிய காரியம் முடித்தவர்கள் போலக் களையாக உட்கார்ந்திருந்தார்கள். அர்ச்சுனன் மட்டும் பஸ்ஸின் பின்பக்கம் நின்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 5, வெள்ளி

மேட்டில் நின்றுவிட்டது.

முதலில் ஒரு விக்கல். பிறகு இன்னொன்று. பாதி மேட்டில் மூச்சு அடங்கிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் இறங்கிச் சேற்றில் நடந்தார்கள். அர்ச்சுனன் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தவர் அப்படியே நின்றார். "என்னங்க?" என்றேன். மூடியைத் திரும்ப மாட்டிப் பூட்டினார்.

அக்டோபர் 6

ஈப்போ பட்டறைக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள். ஃபில்டர் முழுக்கக் கறுப்புக் கசடாம். என்சிக் ஜைனுதீன் முகம் பார்க்க முடியவில்லை. எண்ணெய் டேங்கில் இறுகிப்போயிருக்கலாம், இந்த எரிபொருள் நம் மண் சாலைக்குத் தாங்காது என்று எழுத வேண்டியிருக்கும் என்றார். தவுக்கே ஒன்றும் வருத்தப்படவில்லை. இந்த மாதக் கடைசியோடு ஊசிமலை பஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

பழைய டீசல் பஸ் வந்திருக்கிறது. ஏறும்போதே இருமல்.

அக்டோபர் 9, செவ்வாய்

டிக்கெட் பையின் வார் அறுந்ததால் வேறு பை வாங்க டிப்போவுக்குப் போனவள் பட்டறைக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். மெக்கானிக் ஆ ஹெங் எங்கள் பஸ்ஸின் வயிற்றுக்குள் இருந்தார். சின்ன வயதில் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார். கழற்றிய ஃபில்டரை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மோந்து பாரு தங்கச்சி. இது செம்பனை இல்ல. இது கோயில் வாசம்லா."

முகர்ந்தேன். நல்லெண்ணெய். சூடம். திரிக் கரி.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

அம்மா அடுப்படியில் இருந்தாள். கேட்டேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள். அம்மன் விளக்கில் மிஞ்சிய எண்ணெயை எல்லாம் ஒரு குடத்தில் சேர்த்து வைத்திருந்தார்களாம். பஸ் ஒரு வருடம் நிற்காமல் ஓடினால் நமக்கே நமக்கு என்று கேள்விப்பட்டு, எல்லாருமாக நேர்ந்துகொண்டார்களாம். பஸ் குடிப்பது எண்ணெய், அம்மனுக்கு ஊற்றுவதும் எண்ணெய், அதனால் அம்மன் எண்ணெயையே பஸ்ஸுக்கும் கொடுத்துவிட்டால் அவளே ஓட்டிக்கொள்வாள் என்று. ஆயுத பூஜையன்று ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினார்களாம். என் அம்மாவும்.

"நிக்கக் கூடாதுன்னுதாண்டி ஊத்துனோம்" என்றாள். அழுதாள்.

யாரைத் திட்டுவேன்? யாரைத் திட்டுறது நான்? பூட்டு இருந்துச்சே. சாவி அவரு இடுப்புலதானே இருந்துச்சு. ஏங்க தெறந்தீங்க? ஏன்?

அக்டோபர் 11

கேட்டேன். டீசல் பஸ் கோயிலடியில் நின்றதும், எல்லாரும் இறங்கிய பிறகு.

அவர் மறைக்கவில்லை. "இருளாயி அக்கா குடத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க. பின்னால அத்தன பொம்பளைங்க. அம்மன் எண்ணெயை வேணாம்னு எந்த வாயால சொல்றது? கொஞ்சம்தானேன்னு தெறந்தேன். கொஞ்சமா ஊத்தல அவங்க."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"சொல்லிடப் போறேன். எண்ணெய் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சா சோதனைய மறுபடி நடத்துவாங்க. பஸ்ஸு நிக்காது."

"உங்களை வேலையிலிருந்து எடுத்துருவாங்க."

"எடுப்பாங்க."

சொல்லாதீங்க என்றேன். நீலப் பாவாடை வரிசை கண்முன் வந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான், நான் போய் இப்படிச் சொல்லலாமா? ஆனாலும் சொன்னேன். இன்னொரு தரமும் சொன்னேன். எனக்கு இந்த மனிதர் கண்ணாடியில் என்னைத் தேட வேண்டும். அதுதான் உண்மை. இதோ, எழுதியாயிற்று.

அவர் வெகுநேரம் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி இருந்தார். "நீ சொன்னது போதும் நவமணி" என்றார். எது போதும் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 13, சனி

போய்ச் சொல்லிவிட்டார். பெண்கள் பெயர் எதுவும் எடுக்கவில்லையாம். பூஜை எண்ணெயை நான்தான் ஊற்றினேன் என்றாராம். என்சிக் ஜைனுதீன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டதாக ஆ ஹெங் சொன்னார். தவுக்கே சாவியை வாங்கிக்கொண்டார். இனி எந்தக் கம்பெனியிலும் இவருக்குப் பஸ் கிடைக்காது. ஈப்போவில் செய்தி பஸ்ஸைவிட வேகமாக ஓடும்.

அக்டோபர் 14

இருளாயி அக்கா கோயில் வாசலில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டார். பெண்கள் எல்லாரும் அர்ச்சுனனின் அறை வாசலில் நின்றார்கள். அவர்தான் வெளியே வந்து, "சாப்புட்டீங்களா எல்லாரும்?" என்றார்.

அக்டோபர் 22, திங்கள்

எண்ணெய் பஸ் திரும்பி வந்துவிட்டது. புது டிரைவர், புதுப் பூட்டு, சாவி இஞ்சினியரிடம். வாசம் அதே வாசம். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். புது டிரைவர் சாலையை மட்டும்தான் பார்க்கிறார். நல்ல டிரைவர்.

1985 பிப்ரவரி 6

அர்ச்சுனன் இப்போது தோட்டத்திலேயே செம்பனைக் குலை வெட்டுகிறார். நீளக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து நிற்பதை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பஸ் கடக்கும்போது மட்டும் அவர் மரத்தின் மறுபக்கம் போய்விடுகிறார். டவுனுக்குப் போவதானால் சைக்கிள். மழையானாலும் சைக்கிள். அவர் பஸ்ஸில் ஏறுவதே இல்லை.

பிப்ரவரி 7

இன்றும் மரத்துக்கு அந்தப் பக்கம்.

ஜூலை 5, வெள்ளி

சோதனை வருடம் முடிந்தது. இயந்திரம் நின்ற அந்த இரண்டு வாரத்தைத் தவிர ஒரு விக்கல்கூட இல்லை. என்சிக் ஜைனுதீன் மீசை வளர்ந்த முகத்தோடு வந்து சாக்லேட் கொடுத்தார். ஊசிமலை வழி நிரந்தரமாயிற்று. தவுக்கே சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பிள்ளைகளின் வரிசை நீண்டுபோய் பஸ் நிறைந்து வருவதால் அவருக்கும் நட்டமில்லை.

அம்மா அம்மனுக்கு விளக்குப் போட்டாள். மிஞ்சிய எண்ணெயை என்ன செய்தாய் என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில் இனி ஜென்மத்துக்கும் கேட்கமாட்டேன்.

அர்ச்சுனனிடம் செய்தியை நானே போய்ச் சொன்னேன். "நல்லதாப் போச்சு" என்றார். கழியைத் தரையில் ஊன்றி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து நின்றார். கை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

என்னைக் கட்டிக்கிறீங்களா என்று நானேதான் கேட்டேன். வேறு யார் கேட்பார்கள்? அம்மாவுக்கு இதைப் பேச வெட்கம், அவருக்குத் தைரியமில்லை.

"குலை வெட்டுறவனை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற?" என்றார்.

"என்ன செய்யிறதுன்னு அப்பறம் பாத்துக்கலாம். இப்ப சரின்னு சொல்லுங்க" என்றேன்.

ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு சரி என்றார். வானம் முழுக்க மேகம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. பூமிதான் நகர்கிறதோ என்று பட்டது எனக்கு.

1986 ஏப்ரல் 8, செவ்வாய்

நீல டிரம்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உலகத்தில் பெட்ரோல் விலை இறங்கிவிட்டதாம். செம்பனை எண்ணெயை இப்போது எரிப்பது கட்டுப்படியாகாதாம். "பிறகு ஒரு நாள் தேவைப்படும், அப்போது செய்து காட்டியவர்கள் நாம் என்று இருக்கும்" என்று என்சிக் ஜைனுதீன் சொன்னார். எங்களுக்குச் சொன்னாரா தமக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

இனி எங்கள் பஸ்ஸும் டீசல்தான். நாய்கள் ஏமாந்து திரும்பிப் போகின்றன. மலைகளை வெள்ளையாகப் பார்க்க ஆசைப்பட்டேன். அது என் காலத்தில் நடக்காது போல. ஆனால் பஸ் வருகிறது, காலையும் மாலையும் வருகிறது. பிள்ளைகளில் ஒருத்தி, பாப்பா, பல்கலைக்கழகத்துக்கு முந்தின படிப்பான ஆறாம் படிவத்துக்குப் போகிறாள்.

ஏப்ரல் 24, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்யாணம். அவர் தைக்கக் கொடுத்த சட்டையை ஈப்போவில் வாங்க வேண்டும். சைக்கிள் டயர் வெடித்துவிட்டது. அதனால் இன்று காலை கோயில் நிறுத்தத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னால், அவர் நின்றார்.

ஏறினார். டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். இருளாயி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மேடு வந்தது. புது டிரைவர் கியரை மாற்றப் பிந்தினார். வண்டி திணறியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். அவருடைய வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விரல் நகமெல்லாம் வெளுக்கும்படி அழுத்திக்கொண்டிருந்தது. வண்டி உச்சிக்கு வந்து, பிள்ளைகள் எல்லாரும் பேச ஆரம்பித்த பிறகுதான் காலை எடுத்தார்.

நான் அடுத்த இருக்கைக்கு டிக்கெட் கொடுக்கப் போனேன்.